நானுஓயாவில் சாடியில் வளரும் கறுத்தக் கொழும்பான்: பனி மாதங்களில் உள்ளே வைத்துப் பராமரிப்பது எப்படி?

கேள்வி (நானுஓயா)

வணக்கம். யாழ்ப்பாணத்து உறவினர் தந்த கறுத்தக் கொழும்பான் ஒட்டு மாங்கன்றைப் பெரிய சாடியொன்றில் வளர்த்து வருகிறோம். இப்போது இடுப்பளவு உயர்ந்திருக்கிறது. சென்ற பனிக்காலத்தில் விறாந்தையின் ஓரத்தில் இருந்தபோது, புதிதாக விட்ட செந்தளிர்கள் நுனியிலிருந்து கறுத்துச் சுருண்டு உதிர்ந்துவிட்டன. முதிர்ந்த இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இம்முறை டிசம்பர் பிறந்ததும் வீட்டுக்குள் எடுக்க எண்ணுகிறோம், ஆனால் வெயில் விழும் ஜன்னல் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் காலையில் மட்டும். பெப்ரவரி முடியும்வரை உள்ளேயே இருந்தால் மரம் தாங்குமா? தண்ணீரும் பசளையும் எவ்வளவு கொடுக்க வேண்டும்? இந்த மரத்தில் ஒரு பழமாவது பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை; இந்தக் குளிரில் அது நடக்குமா?

பதில் 1 (கந்தப்பளை)

வணக்கம். தொடர்ந்து உள்ளே வைக்க வேண்டாம், ஏனெனில் மாமரத்துக்குக் குளிரைப் போலவே வெளிச்சக் குறைவும் கேடுதான். பகலில் வெளியே, இரவில் உள்ளே என்பதே நம் பகுதிக்குப் பொருந்தும் முறை.

துகள் உறைபனி எல்லா இரவிலும் விழுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில், நிலமும் இலைகளும் தம் வெப்பத்தைத் திறந்த வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும்போதுதான் அது படிகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓடையோர மரக்கறிப் பாத்திகள் கருகிய காலையிலும் மேட்டுத் தேயிலை பச்சையாக நிற்பது இதனால்தான். ஆகவே பிற்பகலில் வானம் தெளிந்து காற்று அடங்கினால், பொழுது சாயுமுன் சாடியை உள்ளே எடுத்துவிடுங்கள். சில்லுகள் பூட்டிய பலகையின் மேல் வைத்தால் ஒருவரே தள்ளிவிடலாம்.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் முக்கியம். வெப்பநிலை 15 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும்போது மாமரத்தின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும், வேரும் குறைவாகவே நீரை உறிஞ்சும். அந்த நிலையில் ஈரமும் குளிருமாகக் கிடக்கும் மண் வேரை அழுகச் செய்யும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். அங்கும் காய்ந்திருந்தால் மட்டும், காலை வேளையில் ஊற்றுங்கள். சாடியின் அடித்தட்டில் நீர் தேங்கக் கூடாது. தும்புச்சோறு அதிகம் கலந்த மண்ணாக இருந்தால், அடுத்த முறை சாடி மாற்றும்போது பருமணலும் செங்கல் துண்டுகளும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் பெப்ரவரி முடியும்வரை யூரியாவோ மாட்டெருவோ இட வேண்டாம். அவை தளிரைத் தூண்டும், பனி முதலில் தாக்குவதும் அந்தத் தளிரைத்தான்.

பதில் 2 (பண்டாரவளை)

அம்மாவின் ஆசையைப் பற்றி எழுதுகிறேன். குளிர் என்றாலே மாமரம் பூக்காது என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் முதிர்ந்த கிளைகளைப் பூக்கத் தூண்டுவதே 10 முதல் 15 பாகை வரையான குளிர் இரவுகள்தான். எனவே உங்கள் மரம் பூக்கும் என்றே நம்புகிறேன். சிக்கல் அதன் பிறகு வருகிறது. கடுங்குளிரில் மகரந்தம் வீரியம் இழக்கும். மகரந்தத்தைக் கொண்டுசெல்லும் ஈக்களும் நடமாடுவதில்லை. மூடுபனியின் ஈரத்தில் அந்திரக்னோஸ் நோய் பற்றி, பூங்கொத்து முழுவதும் கறுத்துவிடும்.

ஜனவரியில் வரும் பூங்கொத்தை, இளசாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். குளிர் நீடித்தால் அதற்குக் கீழுள்ள மொட்டுகளிலிருந்து மீண்டும் பூ வரக்கூடும். அது மார்ச் மாதத்து வெயிலில் விரிந்தால் காய் பிடிக்கும் வாய்ப்புக் கூடும். காய் முற்றுவதற்கு மூன்று முதல் ஐந்து மாதங்கள் ஆகும் என்பதால் தென்மேற்குப் பருவமழை குறுக்கே வரும், அப்போது மரம் கூரையோரத்தில், மழை படாமல் வெளிச்சம் மட்டும் படும் இடத்தில் நிற்க வேண்டும். இடுப்பளவு மரத்தில் ஒன்றிரண்டு காய்களுக்கு மேல் விடாதீர்கள். பழம் பதுளையில் விளைவதுபோல் இனிக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அம்மா பழத்தைப் பார்க்க முடியும்.

பதில் 3 (ஹட்டன்)

மேலே உள்ளவற்றோடு உடன்படுகிறேன். குளிருக்கு இதமாக இருக்கும் என்று எண்ணிச் சாடியை விறகடுப்பின் அருகே மட்டும் வைத்துவிடாதீர்கள். வறண்ட சூடும் கரியும் இலைக்கு ஆகாது. இரவில் இலைகள் ஜன்னல் கண்ணாடியைத் தொடாதபடி ஒரு சாண் தள்ளி வையுங்கள். வீட்டுக்குள் மழையும் காற்றும் படாததால் செதிற்பூச்சி விரைவில் பெருகும். எறும்புகள் தண்டில் ஏறி இறங்கத் தொடங்கினால் அல்லது இலையின் மேற்பரப்பு பிசுபிசுத்தால், உடனே இலைகளின் அடிப்பக்கத்தை, நடு நரம்பின் இருபுறமும், பாருங்கள். பழுப்பு நிறச் செதில்கள் ஒட்டியிருந்தால், சவர்க்காரம் சிறிதளவு கரைத்த நீரில் துணியை நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைத்துவிட்டு, வெயிலுள்ள காலையில் நல்ல நீரால் கழுவிவிடுங்கள்.