அபியின் கணனி ஏன் நிற்கிறது? (கோண்டாவில் குடும்பக் குழு)

*வெள்ளிக்கிழமை*

அபி, மாலை 7.42: கொம்பியூட்டர் தெரிந்த ஆராவது இருக்கிறீங்களோ? வீடியோ எடிற்றிங் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் படக்கென்று நின்றுவிடுகிறது. எச்சரிக்கை ஒன்றும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் கம்பஸுக்கு அசைன்மென்ற் அனுப்ப வேணும்.

அம்மா, 7.44: கறன்ற் கூடிக் குறையுதோ தெரியாது. நேற்றும் லைற் மங்கினது.

அபி, 7.44: இல்லை அம்மா, அந்த நேரம் ரவுற்றர் நிற்கவில்லை, மேலே ஃபானும் ஓடினது. இது மட்டும்தான்.

குமார் மாமா (ரொறன்ரோ), 7.51: வெக்கைதான். ஏசி அறைக்குள் கொண்டுபோய் வை.

அம்மா, 7.52: தம்பி, எங்கட வீட்டில் எந்த அறையில் ஏசி இருக்கு?

ரதி சித்தி (லண்டன்), 7.55: ஐஸ் பை ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் என்ன?

கஜன் அண்ணா, 7.58: ஐயோ சித்தி, வேண்டாம். குளிர்ந்த இடத்தில் ஈரம் பிடிக்கும். அந்தத் தண்ணி உள்ளே இருக்கிற மதர்போர்ட்டில் விழுந்தால் உண்மையாகவே போய்விடும்.

அபி, 7.59: டவுனில் ஒரு கடைக்குப் போன் எடுத்துக் கேட்டேன். போர்ட் போய்விட்டது, மாற்ற வேணுமாம்.

கஜன் அண்ணா, 8.00: பார்க்காமலே? நல்லது. காசு கொடுக்காதே, பொறு. மெஷினைப் போட்டவுடன் டிலீற் பட்டனைத் தட்டிக்கொண்டிரு, பயோஸ் வரும், விண்டோஸ் தொடங்க முதல் வருகிற செற்றிங் பக்கம். அதில் சிபியு, அதுதான் புரொசசர், அதின்ர ரெம்பரேச்சர் எவ்வளவு என்று ஒரு படம் எடுத்துப் போடு.

அபி, 8.06: [படம்] 84. பார்த்துக்கொண்டிருக்க 91 ஆகிவிட்டது.

கஜன் அண்ணா, 8.08: பயோஸில் மின்சேமிப்பு வேலை செய்யாது, அதால் விண்டோஸில் சும்மா இருக்கும்போது காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடத்தான் காட்டும். எங்கட வெக்கைக்கு 50, 55 என்றாலும் நான் பேசாமல் விடுவேன். 91 சரியில்லை. என்ன புரொசசர்?

அபி, 8.08: இன்ரெல் ஐ5-10400.

கஜன் அண்ணா, 8.11: அதற்கு எல்லை 100 பாகை. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைத்தும் அடங்காமல் இன்னும் ஏறினால், கருகாமல் இருக்கத் தானே நின்றுவிடும். நிற்க முதல் எல்லாம் இழுபட்டதா?

அபி, 8.11: ஓம்! மவுஸ்கூட நகராது.

கஜன் அண்ணா, 8.12: அப்ப அதுதான். போர்ட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கு. இனிச் சூடு எங்கே தேங்குது என்று பார்ப்பம். கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை ஃபானை நேராக உள்ளே பிடித்துக்கொண்டு மெஷினைத் திரும்பப் போடு. புரொசசருக்கு மேலே இருக்கிற சின்ன ஃபான் சுற்றுதா என்றும் பார்.

குமார் மாமா (ரொறன்ரோ), 8.15: தண்ணியால் குளிர்விக்கிற கூலர் ஒன்று போடுங்கோ. நான் காசு அனுப்புறேன்.

கஜன் அண்ணா, 8.16: மாமா, அது 65 வாட் புரொசசர். புரொசசர் பெட்டியோடு வந்த, அந்தச் சின்ன ஃபான் பூட்டின கூலரே தாராளம். காசை வையுங்கோ.

அபி, 8.24: சின்ன ஃபான் நல்ல வேகமாகச் சுற்றுது. மேசை ஃபானும் பிடித்தேன். 88க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

கஜன் அண்ணா, 8.26: இப்ப நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றிவிட்டு, உடனே அந்த ஃபானுக்குக் கீழே இருக்கிற அலுமினியத் தகடுகளின் ஓரத்தை விரலால் மெல்லத் தொடு.

அபி, 8.29: அண்ணா, சூடே இல்லை. இளஞ்சூடுதான்.

கஜன் அண்ணா, 8.34: அதுதான் எனக்கு வேண்டிய பதில். கேள். தூசி அடைத்திருந்தால், இல்லாவிட்டால் அறை வெக்கை என்றால், அந்த அலுமினியம் கொதிக்கும், மேசை ஃபான் பிடித்தவுடன் சூடும் இறங்கும். உன்னுடையதில் புரொசசர் 91, அதை மூடி இருக்கிற ஹீற் சிங்க், அதுதான் அந்த அலுமினியம், இளஞ்சூடு. அப்படியென்றால் சூடு கீழிருந்து மேலே ஏறவே இல்லை. ரெண்டும் ஒழுங்காகத் தொடவில்லை. இனி எத்தனை ஃபான் பிடித்தாலும் ஏசிக்குள் வைத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. கூலரின் நாலு மூலையிலும் அதைப் போர்ட்டோடு இறுக்கிப் பிடிக்கிற கறுப்புப் பிளாஸ்ரிக் பின் இருக்கும். நாலையும் கிட்டப் படம் எடு.

அபி, 8.41: [படம்] [படம்] ஒரு மூலையில் பின் மற்றதைவிட உயரமாக நிற்குது. கைபட ஆடுது.

கஜன் அண்ணா, 8.42: கண்டுபிடிச்சாச்சு. இதை எங்கேயாவது தூக்கிக்கொண்டு போனீங்களா?

அம்மா, 8.44: நல்லூரிலிருந்து வீடு மாறும்போது ஆட்டோவில் பின் சீற்றில்தானே வந்தது. அந்தக் குலுக்கம் அப்படி.

கஜன் அண்ணா, 8.47: இன்டைக்கு விடு. பின்னை அப்படியே அமத்தாதே. கூலர் ஆடினால் புரொசசருக்கும் அதுக்கும் நடுவில் சூட்டைக் கடத்துகிற பசை காய்ந்து பிளந்திருக்கும், அதைத் துடைத்துப் புதிதாகப் போட வேணும். காலமை அந்தப் பசை, தேர்மல் பேஸ்ற் என்று கேள், சின்னக் குழாய் ஒன்றும், ஃபார்மசியில் ஐசோபுரொப்பைல் அல்ககோலும் வாங்கு. பல்லுக்குப் போடுகிற பேஸ்ற் சரிவரும் என்று ஆராவது சொன்னால் நம்பாதே.

*சனிக்கிழமை*

ரதி சித்தி (லண்டன்), காலை 10.02: பிள்ளை, என்ன மாதிரி?

அபி, 10.05: இப்பதான் கழற்றுகிறேன். அண்ணா போனில் நிற்கிறார். ஒவ்வொரு பின் தலையையும் அதிலுள்ள அம்புக்குறிப் பக்கம் திருப்பி இழுக்கக் கூலர் வந்துவிட்டது. அடியில் பசை ஒரு பக்கம் மட்டும் அப்பியிருக்கு, மற்றப் பக்கம் வெறும் சாம்பல் பொடி.

கஜன் அண்ணா, 10.09: மற்றவர்களும் கேட்டதால் இங்கேயும் போடுகிறேன். ரெண்டு பக்கமும் அல்ககோல் தொட்ட, நூல் விடாத துணியால் பளபளவென்று வரும் வரை துடை. புரொசசர் நடுவில் ஒரு பயறளவு பசை, விரலால் தடவத் தேவையில்லை, கூலர் அமத்தத் தானே பரவும். பின் தலைகளைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, குறுக்கும் மறுக்குமாக அமத்து. ஒரு மூலை, பிறகு அதற்கு எதிர் மூலை. ஒவ்வொன்றும் 'டிக்' என்று சத்தம் போட வேணும். போட்ட பிறகு மெல்ல இழுத்துப் பார், ஒன்றும் ஆடக்கூடாது. ஃபான் வயரைத் திரும்பச் சிபியு ஃபான் என்று எழுதின இடத்திலேயே குத்து. வேறு இடத்தில் குத்தினால் சில போர்ட் ஃபான் இல்லை என்று கத்தும்.

அபி, 10.48: மூன்று 'டிக்' கேட்டது. நாலாவது மறுத்தது. அம்மா போர்ட்டின் பின்பக்கம் ரோச் அடித்துப் பார்க்க, ஒரு கறுப்பு முனை ஓட்டைக்குள் வராமல் வளைந்து நின்றது. அதை நேராக்கினவுடன் ஏறிவிட்டது.

அபி, 11.01: பயோஸில் 46!!!

குமார் மாமா (ரொறன்ரோ), 11.03: இங்கே நடுச்சாமம். எனக்கும் நித்திரை வரவில்லை. வாழ்க.

கஜன் அண்ணா, 11.04: இனி விண்டோஸுக்குள் போய், சூட்டைக் காட்டுகிற கோர் ரெம்ப் என்ற செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த வீடியோவையே எக்ஸ்போர்ட் செய். சும்மா இருக்கும்போது பார்த்த எண்ணை நம்பாதே, வேலை செய்யும்போதுதான் தெரியும்.

அபி, 11.37: முழுதும் எக்ஸ்போர்ட் செய்தாச்சு. கூடிப்போனால் 73. ஒருக்காலும் நிற்கவில்லை.

கஜன் அண்ணா, 11.38: 73 இங்கே நல்ல எண். இனி மூடு.

அபி, 11.38: தகட்டைப் போடாமல் திறந்தே விட்டால் இன்னும் குளிரும்தானே?

கஜன் அண்ணா, 11.40: கோண்டாவில் செம்மண் புழுதிக்குத் திறந்துவிட்டால் ரெண்டு மாசத்தில் தூசி அடைத்து, உண்மையாகவே கொதிக்கும். பல்லியும் போகும்.

அம்மா, 11.41: பல்லி நேற்றே உள்ளுக்குள்தான் இருந்தது. நான்தான் துரத்தினேன்.