‘உயர்தையல்’, ‘காட்சியுடை’: மூன்றாவதற்கு என்ன சொல்?

உடை வகைகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுமத்தாருக்குத் திருகோணமலையிலிருந்து வணக்கம்.

சென்னை நண்பர் முன்வைத்த ‘உயர்நாகரிக ஆடை’, ‘சாதாரண ஆடை’ என்ற இணையை என்னால் ஏற்க முடியவில்லை. உடுத்திக்கொண்டு நாலு படி ஏற முடியாத உடைக்கு ‘உயர்’ என்று பெயர் சூட்டிவிட்டு, யோசித்து வெட்டித் தைத்த உடையைச் ‘சாதாரணம்’ என்று ஒதுக்குகிறது அது. பெயரே தீர்ப்பெழுதிவிடக்கூடாது.

‘ஓத் கூத்யூர்’ (haute couture) என்ற பிரெஞ்சுச் சொல்லின் நேர்ப்பொருள் உயர்ந்த தையல் என்பதுதான். 1858இல் பாரிஸில் ஆடையகம் தொடங்கிய சார்ள்ஸ் வேர்த் காலத்து மரபு அது. 1945 முதல் பிரான்சில் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. தகுதி பெற்ற ஆடையகங்கள் மட்டுமே அதைச் சொல்லிக்கொள்ளலாம். ஒருவருக்கென்றே அளவெடுத்துக் கையால் தைக்கும் அந்த உழைப்பை மதிக்கிறேன். அதற்கு ‘உயர்தையல்’ பொருந்தும். மேடையில் பார்ப்பதற்கென்றே செய்யப்படுவது வேறு. அதைக் ‘காட்சியுடை’ என்போம். 1910 வாக்கில் பாரிஸ் வடிவமைப்பாளர் போல் புவாரே பரப்பிய, கணுக்காலருகே இறுகிய பாவாடை நினைவிருக்கலாம். அதை உடுத்திய பெண்கள் குறுநடைதான் போட முடிந்தது. காட்சியுடை தெருவுக்கு வந்தால் நேர்வது அது.

அன்றாட வேலைக்கு ஏற்றபடி யோசித்துத் தைக்கும் உடைக்கான மூன்றாவது சொல்தான் நமக்கு அவசரம். இங்கே கரையில் நின்று கரைவலை இழுக்கும் மீனவர்களின் சாரத்தை (லுங்கியை) பாருங்கள். ஒரே ஒரு மூட்டுத் தையல். எந்த இடுப்புக்கும் ஏற்ப மடிப்பு கூடும், குறையும். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினால் அலையில் இறங்கலாம். இரவில் அதுவே போர்வை. மூதூர், கந்தளாய் வயல்களில் பெண்கள் தங்கள் உடைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்கிறார்கள். வெயில் சுடும், நெல்லின் இலை கையைக் கீறும், வேறு வழியில்லை. ஆனால் தோள் இறங்கி நிற்கிறது, கைமுனை சேற்றில் தோய்கிறது, குனிந்தால் மார்புப் பையிலிருந்து கைப்பேசி விழுகிறது. அந்தப் பெண்களின் அளவுக்கும் வேலைக்கும் ஏற்றபடி ஒரு சட்டையை வெட்டித் தருபவரும் வடிவமைப்பாளர்தான்! அமெரிக்காவில் கிளயர் மக்கார்டெல் 1942இல் வீட்டு வேலைக்கென்று வடிவமைத்த உடையில் பெரிய பை இருந்தது. அடுப்புச் சூட்டுக்கு ஒரு கையுறையும் கூடவே வந்தது. விலை 6.95 டொலர்.

இவ்வகைக்குப் ‘புழங்குடை’ என்று முன்மொழிகிறேன். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். ‘பயனுடை’ என்றால் ‘பயனுடைய’ என்பதன் துண்டுபோல் இருக்கிறது. ‘புழங்காடை’ வேண்டவே வேண்டாம், புழங்காத ஆடை என்று பொருள் தலைகீழாகிவிடும்.

*

தம்பிக்கு,

மூன்றாகப் பிரித்தது சரி. ஆனால் ‘புழங்குடை’யை வாய்விட்டுச் சொன்னால் குடைதான் கேட்கிறது. நம் ஊர்களில் எல்லோரும் உடுப்பு என்றுதானே சொல்கிறோம்? ‘புழங்குடுப்பு’ என்று வைத்தால் என்ன? வகுப்பில் தையல் பழகும் பிள்ளைகளுக்கும் அது புதிதாக இராது.

யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா

*

அக்கா,

‘புழங்குடுப்பு’ நன்றாக இருக்கிறது. இங்கும் தையற்கடைக்கு வருபவர்கள் ‘உடுப்புத் தைக்க வேணும்’ என்றுதான் சொல்கிறார்கள். மழையுடுப்பு, வயலுடுப்பு, கடலுடுப்பு என்று கிளைச்சொற்களும் தடையின்றிப் பிறக்கும். சொல் சற்று நீளம்தான், ஆனாலும் நாக்கு இடறவில்லை. நம் சொற்தொகுதியில் சேர்க்க இந்த விளக்கத்தைத் தருகிறேன்:

புழங்குடுப்பு: உடுத்துபவரின் வேலை, உடலசைவு, அவர் வாழுமிடத்தின் வெயில், மழை ஆகியவற்றைப் பார்த்து வெட்டு, துணி, தையல் மூன்றும் தீர்மானிக்கப்பட்ட உடை.

‘அழகு’ என்ற சொல்லை இதில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. சேர்த்தால் அழகு தனியாக ஒட்டப்படும் ஒன்று என்றாகிவிடும். மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். ‘காட்சியுடை’ பற்றி இன்னும் எவரும் கருத்துச் சொல்லவில்லை.