சென்னை – சிங்கப்பூர்: 6 மணி 50 நிமிடமா, மூன்றரை மணியா? அம்மா தனியாகப் போகிறார்

கேள்வி:
அக்காவின் பிரசவத்துக்காக அம்மா அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறார். முதல் விமானப் பயணம், துணைக்கு யாரும் இல்லை. இரண்டு முழங்காலிலும் வலி. ஐந்து மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுவார்.

டிக்கெட்டில் சென்னையிலிருந்து புறப்பாடு இரவு 11.15, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு வருகை காலை 6.05. கழித்தால் 6 மணி 50 நிமிடம். திரும்பும்போது இரவு 8.00 மணிக்குக் கிளம்பி 9.40க்கே சென்னை வந்துவிடுகிறது! நேர்கோட்டுத் தூரம் சுமார் 2,920 கி.மீ.; மணிக்கு 850 கி.மீ. வேகம் என்று வகுத்தால் மூன்றரை மணிகூட ஆகாது. எதை நம்புவது? நிறைமாதமாக இருக்கும் அக்காவை இதற்காகக் கலங்கவைக்க மனமில்லை.

பதில் 1:
தம்பி, பயப்படாதீர்கள். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர்க் கடிகார நேரங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழியுங்கள்: 4 மணி 20 நிமிடம். வரும்போது கூட்டுங்கள்: 4 மணி 10 நிமிடம். இப்போது இரண்டும் ஒத்துப்போகின்றன அல்லவா?

கேட்டவர்:
நெஞ்சில் பால் வார்த்தீர்கள் அண்ணா. ஆனாலும் என் மூன்றரை மணி நேரக் கணக்கு எங்கே தவறியது?

பதில் 2:
வகுத்தது சரிதான். ஆனால் 850 என்பது உச்சியில் பறக்கும்போது உள்ள வேகம். கால அட்டவணையோ, விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பதுவரை எண்ணுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குமுன் வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். வான்வழியும் அளவுகோல் வைத்துக் கிழித்த கோடு அல்ல. தாமதத்துக்கென்று சில நிமிடங்களையும் சேர்த்தே போடுவார்கள்.

நான் புவியியல் ஆசிரியராக இருந்தவன், இன்னொன்றும் சொல்கிறேன். சூரியனை வைத்துப் பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் வித்தியாசம் இருக்க வேண்டும்; தீர்க்கரேகை வேறுபாடு 24 பாகைதான், பாகைக்கு 4 நிமிடம். 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மலேசியாவை ஒட்டிச் சிங்கப்பூரும் கடிகாரத்தை மேலும் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. அதனால் அங்கே ஆண்டு முழுவதும் விடிவதே ஏழு மணியை ஒட்டித்தான்.

பதில் 3:
என் மாமியாருக்கும் இதே முழங்கால் வலி. நடைபாதையோர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஜன்னலோரம் என்றால் பக்கத்தில் இருப்பவர்களை எழுப்பச் சங்கடப்பட்டு உட்கார்ந்தே இருந்துவிடுவார்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் இப்போதே சொல்லிவையுங்கள். உண்மையில் கால் நோவது விமானத்துக்குள் அல்ல, நிலையத்துக்குள் நடக்கும் நடையில்தான்.

கேட்டவர்:
இருக்கையை மாற்றிவிட்டேன், நாற்காலிக்கும் சொல்லிவிட்டேன். ஐயா, விடியல் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நாள்தோறும் சூரியன் உதிக்கும்போது கிழக்கு நோக்கிக் கும்பிடுகிறவர். அன்று வானத்தில் பறக்கும்போதே விடிந்துவிடுமோ, எந்தப் பக்கம் திரும்புவது என்று ஒரு வாரமாகக் கவலைப்பட்டாராம். எங்களிடம் சொல்லவே இல்லை. 6.05க்கு இறங்கும்போது இருட்டாகத்தான் இருக்கும் என்றதும், "அப்போ வெளியே வந்தே கும்பிட்டுக்கலாம்" என்று பெட்டியை அடுக்கப் போய்விட்டார்.