'ஒன்லி' எங்கே உட்காரும்?

வணக்கம். ஒன்பதாவது படிக்கிற மகள் 'ஷீ ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்லி இங்கிலீஷ்' என்று எழுத, டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் 'ஃப்ளூயன்ட்லி' நுழையக்கூடாது, கடைசிக்குப் போகணும் என்று சொல்லிக்கொடுத்தேன். அடுத்து 'ஆல்வேஸ்' எங்கே வரும் என்பது: 'ஹீ ஆல்வேஸ் கம்ஸ் லேட்', ஆனால் 'ஹீ இஸ் ஆல்வேஸ் லேட்'. அதையும் ஒருவழியாகப் பிடித்துக்கொண்டாள்.

மாட்டிக்கொண்டது 'ஒன்லி'யில்தான். நம்ம 'மட்டும்' எந்தச் சொல்லுக்குப் பின்னால் வருகிறதோ அதைத்தான் சுட்டும், வம்பே இல்லை. 'ஐ ஒன்லி ஏட் டூ இட்லீஸ்' என்றால் 'சாப்பிட மட்டும் செய்தேன்' என்று ஆகாதா என்கிறாள். 'ஐ ஏட் ஒன்லி டூ இட்லீஸ்' என்று எழுது என்றேன். ஆனால் பேச்சில் முதல் வகைதான் அடிக்கடி காதில் விழுகிறது. பரீட்சையில் எதை எழுதச் சொல்வது? ஆங்கில ஆசிரியர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்களேன். திங்கட்கிழமை டெஸ்ட்.