தத்துவத்தில் முதுகலை: வேறு துறையிலிருந்து வருபவருக்குச் சரிப்படுமா?

நடுப்பகல் கேட்டது:

இளநிலையில் படித்தது மின்னணுவியல், இப்போது மென்பொருள் வேலை. பொழுதுபோகாமல் பிளாட்டோவில் தொடங்கி ஹியூம், நீட்சே, சார்த்தர் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன், இப்போது வேலையை விட்டுவிட்டு முறையாக முதுகலை படிக்கலாமா என்கிற இடத்துக்கு வந்து நிற்கிறேன். மூன்று விஷயம் தெரிய வேண்டும். இளநிலையில் தத்துவம் படிக்காதவரை எடுத்துக்கொள்வார்களா? வகுப்பில் உண்மையில் என்னதான் செய்வார்கள்? அதற்கப்புறம் முனைவர் பட்டம் வரை போவது புத்திசாலித்தனமா? "மனசு சொல்வதைக் கேளுங்கள்" வகைப் பதில்கள் வேண்டாம், அவை ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டன.

வரிவரியாக:

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் வாழ்க்கை, மரணம், கடவுள் என்று பெரிய பெரிய விஷயங்களைப் பேசும் இடம் போலத் தெரியும். உள்ளே போனால் வாரம் முழுக்க இருபது பக்கக் கட்டுரை ஒன்றோடு மல்லுக்கட்டுவீர்கள், அதிலும் நான்காம் பக்கத்தில் ஆசிரியர் "ஆகவே" என்று எழுதிய இடத்தில் அந்த ஆகவே நிற்குமா நிற்காதா என்பதுதான் இரண்டு மணி நேர செமினாரே. எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1963-இல் எழுதியது மூன்றே பக்கம். ஒரு நம்பிக்கை உண்மையாக இருந்து, அதை நம்ப நமக்குத் தக்க காரணமும் இருந்துவிட்டால் அது அறிவாகிவிடும் என்று சொல்லிவந்தார்களே, அப்படி இல்லை என்று இரண்டு உதாரணங்களில் காட்டினார். ஒருவர் தக்க காரணத்தோடு ஒன்றை நம்புகிறார், அது உண்மையாகவும் இருக்கிறது, ஆனால் உண்மையானது தற்செயலாக. அதை அறிவு என்று சொல்ல நமக்கு வாய் வராது. சரி, அப்படியானால் இன்னும் என்ன சேர்த்தால் அறிவாகும்? அந்த மூன்று பக்கத்துக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தவர்கள் இன்னும் முடிக்கவில்லை. உங்களுக்கு இது சுவாரசியமாகப் படுகிறதா, மயிர்பிளக்கும் வேலையாகப் படுகிறதா? இரண்டாவது என்றால் வேலையை விட வேண்டாம், வீட்டிலேயே நீட்சே படிப்பது இதைவிட நல்ல வாழ்க்கை. கிண்டலாகச் சொல்லவில்லை.

எழுதுவதும் அப்படித்தான். "காண்ட் இப்படிச் சொன்னார், ஹெகல் அதை மறுத்தார்" என்று பதினைந்து பக்கம் எழுதிக் கொடுத்தால், உன் வாதம் எங்கே என்று கேட்டுத் திருப்பித் தருவார்கள். அவர்களுக்கு வேண்டியது குறுகலான ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில், அந்தப் பதிலுக்கு எதிராகச் சொல்லக்கூடியதிலேயே பலமான எதிர்வாதம், அதை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பது. பலவீனமான எதிர்வாதத்தை நீங்களே கட்டிவைத்து நீங்களே இடித்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதனால் வேலையில் இருக்கும்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏதாவது ஒரு குறுங்கட்டுரையை எடுத்து, எந்தக் கூற்றுகளிலிருந்து அந்த முடிவு வருகிறது என்று வரிசைப்படுத்தி, அவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் மறுத்து ஐந்து பக்கம் எழுதிப் பாருங்கள். எந்தத் தலைப்பானாலும் முதலில் ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியத்தில் அதன் பதிவைப் படிக்கலாம். 1995 முதல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது, பேராசிரியர்களும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

நிறைவுத்தேற்றம்:

முதல் கேள்விக்கு நான். நானும் கணிதத்திலிருந்து வந்தவள். வேறு துறை என்பதற்காக யாரும் கதவைச் சாத்துவதில்லை, இந்தத் துறையின் பெரிய தலைகளே அப்படி வந்தவர்கள்தான். விட்கன்ஸ்டைன் மான்செஸ்டரில் வானூர்திப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், 1911-இல் கேம்பிரிட்ஜுக்கு, தர்க்கவியலில் பேர்போன ரஸ்ஸலைத் தேடிப் போனார். அனுபவம் நமக்கு எப்படித் தோன்றுகிறது என்று ஆராயும் நிகழ்வியலைத் தொடங்கிவைத்த ஹுசர்ல் வாங்கிய முனைவர் பட்டம் கணிதத்தில். இதை வைத்துக்கொண்டு நாமும் விட்கன்ஸ்டைன்தான் என்று நினைத்துவிடக் கூடாது, அது தனி வியாதி.

நடைமுறையில் சிக்கல் இரண்டு. ஒன்று, எழுத்து மாதிரி. மதிப்பெண் பட்டியலைவிட இதைத்தான் கவனமாகப் படிக்கிறார்கள், பல துறைகள் கேட்பது பதினைந்து இருபது பக்கத்தில் ஒரு வாதக் கட்டுரை. இரண்டு, பரிந்துரைக் கடிதம். உங்கள் மேலாளர் "நேரத்துக்கு வருவார், நன்றாக உழைப்பார்" என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை, நீங்கள் எழுதிய தத்துவக் கட்டுரையைத் திருத்திய யாராவது ஒருவர் எழுத வேண்டும். அதற்காகவே இரண்டு மூன்று தாள்களை மாலை வகுப்பிலோ தொலைநிலையிலோ படித்துவிட்டு விண்ணப்பிப்பவர்கள் உண்டு. பிரிட்டனில் சில இடங்களில் இளநிலை வேறாக இருப்பவர்களுக்கென்றே ஓராண்டு மாற்றுப் படிப்பு நடத்துகிறார்கள். அமெரிக்காவில் டஃப்ட்ஸ், பிராண்டைஸ், ஜார்ஜியா ஸ்டேட் போன்ற இடங்களில் முதுகலையோடு நிற்கும் திட்டங்கள் இருக்கின்றன, அங்கேயும் பின்னணி குறைவாக உள்ளவர்கள் வந்து படித்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள்.

தர்க்கவியல் தாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கலைப் பிரிவிலிருந்து வருபவர்கள் அலறும் தாள் அது, மின்னணுவியல்காரருக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும். சரியும் தவறுமாக அட்டவணை போட்டுப் பழகியவர்தானே நீங்கள். முதன்நிலைத் தர்க்கத்தின் நிறைவுத்தன்மைக்கு, அதாவது அதில் எப்போதும் உண்மையாக இருக்கும் எதையும் விதிகளை வைத்தே நிரூபித்துவிடலாம் என்பதற்கு, தர்க்கவியலாளர் கோடெல் 1929-இல் கொடுத்த நிரூபணம் வரைக்கும் போனால் மட்டும் கொஞ்சம் வியர்க்கும்.

ஓரக்குறிப்பு:

மூன்றாவது கேள்வியை எல்லோரும் நைசாகத் தாண்டிப் போகிறார்கள், நானே சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டம் முடித்தேன், இப்போது வேறு வேலையில் இருக்கிறேன்.

அமெரிக்காவில் ஐந்திலிருந்து ஏழு வருடம், பெரும்பாலும் கட்டணம் இல்லாமல், வகுப்பெடுப்பதற்கு மாறாக ஒரு உதவித்தொகை. அங்கே முதுகலை இல்லாமலேயே நேரடியாக முனைவர் பட்டத்தில் சேரலாம். பிரிட்டனில் மூன்று நான்கு வருடம்தான், ஆனால் சேரும்போதே முதுகலையும் ஆய்வுத் திட்டமும் கையில் இருக்க வேண்டும், இடம் கிடைத்தாலும் நிதி தனியாகக் கிடைக்க வேண்டும். இடம் உண்டு, நிதி இல்லை என்று கடிதம் வந்தால் அதை மரியாதையான மறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கி இந்த முனைவர் பட்டம் படிக்கவே கூடாது என்பது என் கட்சி, இதில் சமரசமே கிடையாது.

முடித்த பிறகு நிரந்தர ஆசிரியப் பணி கிடைப்பவர்கள் குறைவு. ஒரு வருட ஒப்பந்தம், இரண்டு வருட ஒப்பந்தம் என்று ஊர் ஊராக, சில சமயம் நாடு நாடாகப் போக வேண்டும். நடுவில் கட்டுரை வெளியிட வேண்டும், நல்ல ஆய்விதழ்களோ வருவதில் பத்தில் ஒன்றைக்கூட ஏற்பதில்லை, அந்த மறுப்பைச் சொல்லவும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். "தத்துவம் படித்தால் சிந்தனைத் திறன் வளரும், எந்த நிறுவனமும் விரும்பும்" என்று துறைத் தளங்களில் போட்டிருப்பார்கள், அதை விளம்பரமாகவே படியுங்கள். திறன் வளர்வது உண்மைதான், அதற்காக யாரும் வாசலில் காத்திருப்பதில்லை.

இதனால் முதுகலையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களிடம் திரும்பிப் போக ஒரு தொழில் இருக்கிறது, இருபத்திரண்டு வயதில் நேராக வருபவரிடம் அது இல்லை. ஒன்றிரண்டு வருடத்தைச் சேமிப்பிலோ உதவித்தொகையிலோ ஓட்ட முடியும் என்றால் முதுகலையை முதுகலைக்காகவே படிக்கலாம். அடுத்த படி என்று நினைத்துப் படிப்பவர்கள்தான் அதிகம் நொந்துபோகிறார்கள்.

நடுப்பகல்:

எல்லோருக்கும் நன்றி, ஓரக்குறிப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக. இன்னொன்று கேட்கிறேன். எனக்குப் பிடித்தது ஹைடெக்கர், சார்த்தர் பக்கம். நீங்கள் சொல்வதெல்லாம் வாதத்தை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கும் வேறு மாதிரி தத்துவமாக இருக்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பார்க்க வேண்டுமா? அப்புறம் இந்திய மரபிலும் ஆர்வம் உண்டு.

வரிவரியாக:

கட்டாயம் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, நீங்கள் படிக்க விரும்புவதில் அங்கே யார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். ஆக்ஸ்ஃபோர்டின் பிஃபில் (BPhil) படிப்பு பெயரளவில் இளநிலை மாதிரி ஒலிக்கும், உண்மையில் இரண்டு வருட முதுகலை, முடிவில் முப்பதாயிரம் சொல் வரை ஆய்வேடு. பேர்பெற்ற படிப்பு, ஆனால் நீங்கள் தேடும் ஹைடெக்கர் மையமாக இருக்கும் இடம் அது இல்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஹைடெக்கருக்கு முன்னோடியான ஹுசர்லின் கையெழுத்துப் படிகளே இருக்கின்றன, நாஜிகள் கையில் சிக்காமல் 1938-இல் கடத்திக்கொண்டு வந்தவை. நிகழ்வியல் படிப்பவர்கள் அங்கே போவதில் ஆச்சரியம் இல்லை, ஆங்கிலத்திலும் நடத்துகிறார்கள். தர்க்கம் பக்கம் சாய்ந்தால் ஆம்ஸ்டர்டாம், முனிக்.

ஹைடெக்கரில் ஆய்வு வரை போக நினைத்தால் ஜெர்மன் கற்றுக்கொள்ள இப்போதே தொடங்குங்கள். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி முதுகலை முடித்துவிடலாம், அதற்கு மேல் யாரும் விடமாட்டார்கள்.

நிறைவுத்தேற்றம்:

இந்திய மரபுக்கும் அதே கதைதான், சமஸ்கிருதமோ பாலியோ தேவைப்படும், ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதை ஆழமாக நடத்தும் தத்துவத் துறைகள் கைவிட்டு எண்ணும்படிதான் இருக்கும், மற்ற இடங்களில் சமயவியல் துறைக்குள் தள்ளிவிடுவார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. மேலே சொன்ன கெட்டியர் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் நூற்றாண்டுப் பௌத்தத் தர்க்கவாதி தர்மோத்தரர், தாகத்தோடு வருபவன் கானல்நீரைத் தண்ணீர் என்று நம்பிப் போகிறான், அங்கே பாறைக்கடியில் நிஜமாகவே தண்ணீர் இருக்கிறது, இவனுக்குத் தண்ணீர் இருப்பது தெரியும் என்று சொல்லலாமா என்று அப்போதே கேட்டு வைத்திருக்கிறார். இரண்டையும் ஒன்றாக வைத்து எழுதினால் எழுத்து மாதிரிக்கு நல்ல தலைப்பு, ஆனால் "நம்மவர் முன்பே சொல்லிவிட்டார்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்களா என்பதே அங்கே வாதிட வேண்டிய விஷயம்.

நடுப்பகல்:

வலைப்பதிவில் நீட்சேயைப் பற்றி எழுதிய நீளமான கட்டுரை ஒன்று இருக்கிறது, அதையே எழுத்து மாதிரியாக அனுப்பலாமா?

ஓரக்குறிப்பு:

வேண்டாம். புதிதாக எழுதுங்கள், துறையில் இருக்கும் யாரிடமாவது கொடுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள், திருத்தி எழுதி மறுபடியும் கொடுங்கள். பல இடங்களில் விண்ணப்பக் கடைசித் தேதி டிசம்பரிலிருந்தே வர ஆரம்பித்துவிடும், எழுதுவதற்கு அரை வருடமாவது ஒதுக்குங்கள்.