புதுப்பிப்பு: ஸ்டாக்ஹோமில் பழைய கம்பளிக் கோட் கிடைத்துவிட்டது

குளிர் தொடங்கும் முன் ஸ்டாக்ஹோமில் நல்ல செகண்ட்ஹேண்ட் கம்பளிக் கோட் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் சோடர்மால்ம் பகுதியின் வின்டேஜ் கடைகளுக்குப் போனேன். ஒவ்வொன்றும் பார்த்துப் பொறுக்கியெடுத்த துணி, விலையும் அதற்கேற்ப. "தொண்டு அமைப்புகளின் கடைகளுக்கு வார நாளில் காலையிலேயே போங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. ஸ்டாட்ஸ்மிஷன் என்ற தொண்டு அமைப்பின் கடையில் என் அளவுக்கு இல்லை. அப்புறம் இரட்சணிய சேனை (Salvation Army) நடத்தும் மிரோர்னா கடையில் முழுக் கம்பளியில் ஒரு சாம்பல் நிறக் கோட்! உள்துணிகூடக் கிழியவில்லை. லேபிளில் அதே அளவு எண் இருந்தாலும் பழைய துணி இன்றையதைவிடச் சிறியதாக இருப்பது வழக்கம், அதனால் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

நான் எதிர்பாராதது, பில் போட்ட அம்மா சொன்ன யோசனை: பழைய கம்பளி எதுவானாலும் பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் அந்துப்பூச்சி முட்டைகள் செத்துவிடும். அப்படியே செய்தேன்.

இன்னொன்று, பல கடைகளில் ரொக்கம் வாங்குவதில்லை. மொபைலில் பணம் செலுத்தும் ஸ்விஷ் செயலிக்கு ஸ்வீடன் வங்கிக் கணக்கு வேண்டும், ஆகவே சுற்றுலா வருபவர்கள் கார்டு கொண்டுபோங்கள்.