செம்பு டைவிங் ஹெல்மெட்: அசலா, அலங்காரப் பொருளா?

நெய்தல்குமரன்:
எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் கொச்சியில் ஒரு பழம்பொருள் கடையில் செம்பு டைவிங் ஹெல்மெட் ஒன்றைப் பார்த்தேன், இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. நெஞ்சுப் பக்கம் ‘அமெரிக்கக் கடற்படை, மார்க் 5’ என்று ஒரு பித்தளைத் தகடு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அசல் என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், சுலபமாக வந்தது. இதை எப்படிச் சோதிப்பது? அப்புறம் இன்னொரு சந்தேகம்: கடலடி அழுத்தத்தைச் செம்புத் தகடு எப்படித் தாங்கியது? எஃகில் செய்திருக்கலாமே?

பித்தளைப்பிரியன்:
தம்பி, சுலபமாக வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. அசல் மார்க் 5 ஹெல்மெட் தோள்பட்டைத் தகட்டோடு சேர்த்து ஏறத்தாழ 25 கிலோ. ஈயக் காலணி, இடுப்பு எடை எல்லாம் மாட்டினால் மொத்தம் 86 கிலோ வரை போகும். வேண்டுமென்றேதான் அந்தக் கனம். உள்ளே காற்று நிறைந்த குடுவை தண்ணீரில் மேலே எழும்பப் பார்க்கும் இல்லையா, அதை அழுத்திப் பிடிக்க எடை வேண்டும்.

கடைக்குத் திரும்பப் போனால் தகட்டில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், தகடு அடிப்பது பெரிய வேலையே இல்லை. டார்ச் எடுத்துப் போய் உள்பக்கம் பாருங்கள். நம் வீட்டுச் செம்புப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போல அசலின் உள்புறம் வெள்ளையாகப் பூச்சு இருக்கும். காற்று வரும் துளையிலிருந்து கண்ணாடிகளை நோக்கித் தட்டையான குழாய்கள் போகும், வருகிற காற்று கண்ணாடி மேலேயே வீசி ஆவி படியாமல் வைத்திருப்பதற்காக. தலைப் பகுதி தோள்பட்டைத் தகட்டோடு சேரும் வளையத்தில் திருகு மறை முழுசாக ஓடாது, விட்டு விட்டு வெட்டியிருக்கும். வைத்து எட்டில் ஒரு சுற்றுத் திருப்பினால் இறுகிவிடும். அலங்காரத்துக்குச் செய்பவர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

ஆழ்கடல்72:
இருபது வருடம் கடலடி வெல்டிங் வேலை பார்த்தவன் என்பதால் அழுத்தக் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். ஹெல்மெட் அழுத்தத்தைத் தாங்கவே இல்லை! பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, மேலே பம்பு அடிப்பவர்கள் அதே அழுத்தத்துக்குக் காற்றை அனுப்புகிறார்கள், ஆக உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய சமம். அதனால் செம்பு போதும். வளைந்து கொடுக்கும், அடித்து உருண்டையாக்கலாம், பித்தளை வார்ப்புகளைப் பற்றவைக்கலாம், உப்புத் தண்ணீரில் எஃகு போலத் துருப்பிடித்து அரிக்காது.

ஆபத்து எப்போது என்றால், மேலே காற்றுக் குழாய் அறுந்தால். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் காற்று அந்தக் குழாய் வழியாக மேலே ஓடிவிடும், உடலைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தம் மட்டும் அப்படியே இருக்கும், ஆளையே ஹெல்மெட்டுக்குள் நசுக்கித் தள்ளும். இப்படிச் செத்தவர்கள் உண்டு. அதற்காகத்தான் காற்று நுழையும் இடத்தில் ஒருவழி வால்வு. அந்த ஹெல்மெட்டில் எனக்கு மிகப் பெரிய விஷயமாகத் தெரிவது விரல் நீளத்துக்குக் கூட வராத அந்த வால்வுதான், பளபளக்கிற செம்பு இல்லை.

காற்று வெளியேற இன்னொரு வால்வு வலப்பக்கம் இருக்கும். கை இரண்டும் வேலையில் இருக்கும்போது உள்ளிருந்தே தாடையால் அதன் பொத்தானைத் தள்ளிக் காற்றை விடலாம். காற்று அதிகமாக நின்றால் உடை ஊதி ஆளை மேலே தூக்கிக்கொண்டு போய்விடும், குறைந்தால் தண்ணீர் நெஞ்சை அழுத்தும். நாள் முழுக்க இந்தச் சமநிலையைப் பார்த்துக்கொண்டேதான் அடியில் வேலை செய்தார்கள்.

சோழமண்டலக்கரை:
கொஞ்சம் வரலாறும் சேர்க்கிறேன். இந்த ஹெல்மெட்டின் தொடக்கம் கடலே இல்லை, தீ! புகைக்குள் நுழைய ஒரு ஹெல்மெட் வேண்டும் என்று இங்கிலாந்தில் சார்லஸ் டீன் 1823இல் காப்புரிமை எடுத்தார். பிறகு அவரும் தம்பி ஜானும் அதையே தண்ணீருக்கு மாற்றினார்கள். ஆனால் அது அடிப்பக்கம் திறந்தது, குனிந்தாலோ விழுந்தாலோ தண்ணீர் ஏறிவிடும். லண்டனில் அகஸ்டஸ் சீபே ஹெல்மெட்டை நீர்புகா உடையோடு சேர்த்து இறுக்கி மூடியதுதான் திருப்பம். 1782இல் மூழ்கிய ராயல் ஜார்ஜ் கப்பலின் சிதைவுகளை 1839 முதல் அகற்றும்போது அந்த மூடிய உடை தன்னை நிரூபித்தது. சீபே கோர்மன் நிறுவனத்தின் 12 போல்ட் ஹெல்மெட்டைப் பார்த்தால் உடையின் ரப்பர் கழுத்துப்பட்டையைப் பித்தளைப் பட்டைகள் வைத்து நட்டுகளால் எப்படி நெருக்கியிருக்கிறார்கள் என்று தெரியும். அமெரிக்கர்களின் மார்க் 5 1916இல் வந்தது, அடிப்படை அதேதான்.

நெய்தல்குமரன்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று நண்பர் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே ஈயப் பூச்சு இல்லை, காற்றுக் குழாய் மாட்டும் வளைவுக்குப் பின்னால் துளையே போடவில்லை, வெறும் தகடு. வாங்கவில்லை.

ஆழ்கடல்72:
நல்லது செய்தீர்கள் தம்பி. மேசையில் அழகுக்கு வைக்க வாங்குவதென்றால் அதற்கான விலை கொடுத்து வாங்கலாம், தவறில்லை. ஆனால் யார் வாங்கினாலும் அதை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிடாதீர்கள், நீச்சல் குளத்தில் கூட வேண்டாம்.